பட்டாளத்துக்காரர் பிள்ளைக்கு விடுதிப் பள்ளிக் கட்டணம்: எந்தப் பணம் எங்கிருந்து, எப்போது வரும்

ஒரத்தநாடு, மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் ராணுவத்தில் ஆள் இருக்கும் வீடுகளில் காகித வேலை பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. அவர் ஜம்முவிலோ அசாமிலோ இருப்பார். போன் கிடைக்கும் நேரத்தில் பள்ளிக் கட்டணம், ரசீது, சர்டிபிகேட் என்று பேசி முடிப்பதற்குள் சிக்னல் போய்விடும். பிள்ளையை விடுதிப் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் முதல்முறையாக வந்திருக்கும் அப்படிப்பட்ட வீட்டுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உதவி உண்டு, தொகையும் மோசமில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி நீங்கள் கட்டிய பிறகு திரும்பி வரும் பணம். ஜூனில் பள்ளி கேட்கும்போது கையில் இருக்க வேண்டியது உங்கள் சொந்தப் பணம். இது தெரியாமல் "அதான் கவர்மெண்ட் கொடுக்குதே" என்று சேர்த்துவிட்டு, முதல் தவணைக்கே நகையை எடுத்துக்கொண்டு கூட்டுறவு சங்கத்துக்குப் போகும் குடும்பங்கள் உண்டு.

முதல் படி: நீங்கள் எந்த வகை என்று பாருங்கள்

படைவீரர் இன்னும் சேவையில் இருக்கிறாரா, ஓய்வு பெற்றுவிட்டாரா, சேவையின்போது இறந்துவிட்டாரா, போரிலோ ராணுவ நடவடிக்கையிலோ உயிரிழந்தாரா அல்லது ஊனமுற்றாரா? இந்த நான்குக்கும் நான்கு வழி. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவப் படைகளில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். சேவையில் இருக்கும்வரை கீழே சொல்லும் கல்விப் படியும் விடுதி மானியமும் உங்களுக்கும் பொருந்தும், அவை மத்திய அரசு ஊழியர் எல்லோருக்கும் பொதுவானவை. ஆனால் முன்னாள் படைவீரர் நலனைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் தரைப்படை, கடற்படை, விமானப்படையில் இருந்து வந்தவர்களுக்கானவை. அங்கே வரிசையில் நின்று ஏமாற வேண்டாம்.

இரண்டாம் படி: சேவையில் இருப்பவருக்கு என்ன கிடைக்கும்

இரண்டு தொகைகள். ஒன்று குழந்தைகள் கல்விப் படி, எல்லோரும் சி.இ.ஏ. என்பார்கள். இன்னொன்று விடுதி மானியம், அதாவது ஹாஸ்டல் சப்சிடி. 7-வது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2017 ஜூலை 1 முதல் சி.இ.ஏ. மாதம் 2,250 ரூபாய், விடுதி மானியத்தின் உச்சவரம்பு மாதம் 6,750 ரூபாய் என்று வைத்தார்கள். அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும் ஒவ்வொரு முறையும் இவை 25 சதவீதம் உயரும் என்பது விதி. 2024 ஜனவரி 1 முதல் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதால் சி.இ.ஏ. 2,812.50 ரூபாய், விடுதி மானிய வரம்பு 8,437.50 ரூபாய் என்று ஆனது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு சி.இ.ஏ. இரண்டு மடங்கு.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. சி.இ.ஏ. நிலையான தொகை. பள்ளிக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்று கேட்க மாட்டார்கள், பிள்ளை அந்த ஆண்டு படித்தது என்பதற்குத் தலைமையாசிரியர் சான்று போதும். விடுதி மானியம் அப்படியல்ல. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் உண்மையில் ஆன செலவு, அல்லது உச்சவரம்பு, இதில் எது குறைவோ அதுதான் வரும். பிள்ளை விடுதியில் இருந்தால் இரண்டையும் சேர்த்தே கேட்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஆண்டுக்கு 90,000 ரூபாய் என்றால் முழுவதும் திரும்பி வரும். அதோடு சி.இ.ஏ. 33,750. மொத்தம் 1,23,750 ரூபாய். அதே விடுதிச் செலவு ஒன்றரை லட்சம் என்றால் 1,01,250 ரூபாயோடு நின்றுவிடும், சி.இ.ஏ.யைச் சேர்த்தால் 1,35,000. ஒரு பிள்ளைக்கு ஓராண்டில் இந்த விகிதத்தில் வரக்கூடிய அதிகபட்சம் அவ்வளவுதான். பள்ளி விளம்பரத்தில் இருக்கும் தொகையிலிருந்து இதைக் கழித்தால் உங்கள் கைக்காசு எவ்வளவு என்று தெரிந்துவிடும். மீதி ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போகிறது என்றால், அந்தப் பள்ளி வேண்டுமா என்று இன்னொரு முறை யோசிப்பது நல்லது.

நிபந்தனைகளில் அடிக்கடி இடறுவது தூரம். விடுதிப் பள்ளி, படைவீரரின் இருப்பிடத்திலிருந்து குறைந்தது 50 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தஞ்சாவூர் விமானப்படை நிலையத்தில் குடும்பத்தோடு இருப்பவர் பிள்ளையைக் கும்பகோணத்து விடுதியில் விட்டால் மானியம் கிடைக்காது, தூரம் 40 கிலோமீட்டர் அளவுதான். திருச்சி என்றால் எல்லைக்கோட்டில் நிற்கும். அவர் எல்லையில் இருந்து, குடும்பம் மட்டும் ஊரில் இருந்தால் எந்த முகவரியைக் கணக்கில் எடுப்பார்கள் என்பதை யூனிட் கிளார்க்கிடம் கேட்டுவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு கேட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

மற்றவை சுருக்கமாக. உயிரோடு இருக்கும் மூத்த பிள்ளைகள் இருவருக்கு மட்டும்; இரண்டாவது பிரசவம் இரட்டை என்றால் விலக்கு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை அல்லது 20 வயது வரை, எது முந்தையதோ அதுவரை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு 22 வயது. கணவன் மனைவி இருவரும் அரசு ஊழியர் என்றால் ஒருவர்தான் கேட்க முடியும். பிள்ளை ஒரு வகுப்பில் தோற்றுவிட்டால் பணம் நிற்காது. இது பலருக்குத் தெரியாது, தெரியாமலேயே அந்த ஆண்டைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாம் படி: பெயரைச் சரிசெய்யுங்கள்

இதை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். கோரிக்கைகள் திரும்பி வருவது பெரும்பாலும் இங்கேதான்.

நம் ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடுவோம். ராணுவத்தில் சேரும்போது அதே ஆளை அப்பா பெயரை முழுசாகச் சேர்த்துப் பதிந்திருப்பார்கள், அல்லது இனிஷியலைப் பின்னால் தள்ளியிருப்பார்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றில் அப்பா பெயர் "ரா. செல்வம்" என்று இருக்கும், ரெக்கார்டில் "செல்வம் ராஜேந்திரன்" என்று இருக்கும், ஆதாரில் இன்னொரு விதம், ஆங்கில எழுத்துக்கூட்டல் இதில் தனிக்கதை. நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். கணக்கு அலுவலகத்துக்கு மூன்று ஆள்.

எது மூலம் என்றால், ராணுவப் பதிவுதான் மூலம். பிள்ளை பிறந்ததும் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர், அதாவது குடும்ப விவரத்தைச் சேவைப் பதிவில் ஏற்றும் உத்தரவு, போட்டிருக்க வேண்டும். அதில் உள்ள பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, அம்மாவின் பெயர் ஆகியவைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அந்த ஆர்டரின் நகலை அவரை அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, பள்ளிச் சேர்க்கைப் படிவத்தை எழுத்துக்கு எழுத்து அதன்படியே நிரப்புங்கள். பிறப்புச் சான்றில் பிள்ளையின் பெயரே இல்லாமல், 'ஆண் குழந்தை' என்ற அளவில் நின்றிருந்தால் பேரூராட்சியிலோ நகராட்சியிலோ ஊராட்சிப் பகுதிக்கான பிறப்புப் பதிவாளரிடமோ போய்ப் பெயரைப் பதியலாம். பிறப்புப் பதிவிலிருந்து 15 ஆண்டுக்குள் அதைச் செய்ய வேண்டும். ஆதார் திருத்தம் இ-சேவை மையத்தில் முடியும் வேலை, அதற்காக அலைய வேண்டியதில்லை.

பார்ட் டூ ஆர்டரே தப்பாக இருந்தால்? அவர் சேவையில் இருக்கும்போதே யூனிட் வழியாகத் திருத்திவிடுங்கள். ஓய்வுக்குப் பிறகு, ரெஜிமென்ட்டின் சேவைப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம் எழுதித் திருத்துவது நீண்ட வேலை. வெலிங்டனோ பெங்களூரோ நாசிக்கோ, எந்த ரெஜிமென்ட் என்பதைப் பொறுத்து ஊர் மாறும், காத்திருப்பு மாறாது.

நான்காம் படி: ரசீது எப்படி இருக்க வேண்டும்

பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே அலுவலகத்தில் ஒன்றைக் கேளுங்கள்: "கல்விக் கட்டணம் தனியா, தங்கும் செலவும் சாப்பாடும் தனியா போட்டுக் கொடுப்பீங்களா?" பல தனியார் விடுதிப் பள்ளிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாக ரசீது போடும். அப்படிப்பட்ட ரசீதை வைத்து விடுதி மானியம் வாங்குவது கஷ்டம், தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு என்று அதில் தெரியாதே. ரசீது முறையை மாற்ற முடியாது என்று பள்ளி சொன்னால், ஆண்டு முடிவில் தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு சான்றாவது தர ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கல்வியாண்டில் இன்ன வகுப்பில் இன்ன பிள்ளை படித்தது, விடுதியில் தங்கியது, தங்கும் செலவுக்கும் உணவுக்கும் இவ்வளவு ரூபாய் பெற்றோம் என்று அதில் இருந்தால் போதும். போனஃபைட் சர்டிபிகேட் என்று யூனிட்டில் கேட்பது இதைத்தான்.

சான்று கிடைக்கவே வழியில்லை என்றால், நீங்களே கையெழுத்திட்ட மதிப்பெண் அட்டை நகலும் கட்டண ரசீதுகளும் ஏற்றுக்கொள்ளப்படும். அப்போதும் ரசீதில் விடுதித் தொகை தனியாகத் தெரிய வேண்டும்.

காப்புத்தொகை, சீருடை, சுற்றுலா, தையல்கூலி என்று பள்ளி வாங்குவதெல்லாம் தங்கும் செலவில் வராது. காப்புத்தொகையின் ரசீதைத் தனி உறையில் வையுங்கள். பிள்ளை வெளியே வரும்போது பள்ளியிடம் திருப்பிக் கேட்க வேண்டிய பணம் அது.

ஐந்தாம் படி: எப்போது கேட்பது, அதுவரை எப்படிச் சமாளிப்பது

கோரிக்கையை ஆண்டுக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள், அதுவும் நிதியாண்டு முடிந்த பிறகு. அதாவது இந்த ஜூனில் கட்டியதற்கு அடுத்த ஏப்ரலில்தான் காகிதம் போடலாம். ஜவான்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் (நாயப் சுபேதார், சுபேதார் போன்றவர்கள்) யூனிட் வழியாக, சம்பளக் கணக்கு அலுவலகமான பி.ஏ.ஓ.வுக்குப் போய்ச் சம்பளத்தோடு வரும். அதிகாரிகளுக்கு புனேயில் உள்ள பி.சி.டி.ஏ. கணக்கு அலுவலகம்.

டெல்டாக்காரர்களுக்கு இந்தக் கால அட்டவணை சரியாக வாய்க்காது. மேட்டூர் அணை திறப்பு ஜூன் 12 என்றால், பள்ளி திறப்பும் அதே மாதம். குறுவைக்கு உழவு, விதை, நடவுக்கூலி என்று கை வறண்டிருக்கும் நேரத்தில் முதல் தவணை வந்து நிற்கும். இரண்டாம் தவணை தீபாவளியை ஒட்டி வரும், சம்பா அப்போதுதான் வயலில் நிற்கும். சம்பா அறுத்து நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் வங்கிக்கு வருவது தை, மாசியில். ஆகவே வயல் உள்ள குடும்பம் சம்பாப் பணத்தில் ஒரு பங்கை ஜூன் தவணைக்கென்று தனிக் கணக்கில் போட்டு வைப்பதுதான் உருப்படியான வழி. இரண்டாம் ஆண்டிலிருந்து கொஞ்சம் மூச்சு விடலாம், முதல் ஆண்டின் மானியம் கைக்கு வர ஆரம்பித்திருக்கும். கஷ்டம் முதல் ஆண்டில்தான். பள்ளி மாதத் தவணைக்கு ஒப்புக்கொள்ளுமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏப்ரலில் அவர் லீவில் வந்தால் நல்லது, காகிதத்தைக் கையிலேயே கொடுத்தனுப்பலாம். இல்லையென்றால் மார்ச் கடைசியில் பள்ளிச் சான்றை வாங்கி, ஸ்கேன் பண்ணி அவருக்கு அனுப்பிவிட்டு, மூலத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பள்ளிகள் ஏப்ரல் கடைசியில் மூடிவிட்டால் ஜூன் வரை கையெழுத்துப் போட ஆள் இருக்காது.

ஆறாம் படி: ஓய்வு எப்போது என்று இப்போதே பாருங்கள்

ஒரு சிப்பாய் பத்தொன்பது இருபது வயதில் சேர்ந்து, பதினேழு இருபது ஆண்டுச் சேவை முடித்து வெளியே வரும்போது வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. அவர் பிள்ளை அப்போது ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருக்கும். அந்தக் கல்வியாண்டு முடியும்வரைதான் சி.இ.ஏ.யும் விடுதி மானியமும். அதற்குப் பிறகு பத்தாவது, பன்னிரண்டாவது என்று கட்டணம் ஏறும் ஆண்டுகளில் அந்த உதவி கிடையாது. ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள். ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருக்கின்றன என்றால், தனியார் விடுதியைத் தவிர்த்து, ஓய்வுக்குப் பிறகும் சலுகை தொடரும் பள்ளிகளை முதலில் முயலுங்கள் என்பதுதான் என் கருத்து.

அவற்றில் முதலிடம் ராஷ்ட்ரிய மிலிட்டரி பள்ளிகளுக்கு. நாட்டில் மொத்தம் ஐந்து: சைல், அஜ்மீர், தோல்பூர், பெலகாவி, பெங்களூரு. நமக்கு அருகில் இருப்பது பெங்களூரு. 70 சதவீத இடங்கள் ஜே.சி.ஓ.க்கள், ஜவான்களின் பிள்ளைகளுக்கு, ஓய்வு பெற்றவர்கள் உட்பட. கட்டணம் பதவியைப் பொறுத்து மாறும், ஜவான் பிள்ளைக்குத்தான் மிகக் குறைவு. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும்.

அடுத்தது சைனிக் பள்ளி. தமிழ்நாட்டின் பழைய சைனிக் பள்ளி உடுமலைப்பேட்டை அருகே அமராவதி நகரில், 1962-இல் தொடங்கியது. பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு போக மீதமுள்ள இடங்களில் 25 சதவீதம் சேவையில் இருப்பவர், ஓய்வு பெற்றவர் பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளைகளும் சேரலாம். ஆறாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று வயது 10-க்கும் 12-க்கும் இடையில் இருக்க வேண்டும், தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்புத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும். கட்டணம் ராஷ்ட்ரிய மிலிட்டரி பள்ளியைவிட அதிகம்தான். ஆனால் பெற்றோர் வருமானத்தைப் பொறுத்து மாநில அரசின் உதவித்தொகையும், படைவீரர் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பம் தேசியத் தேர்வு முகமையின் தளத்தில், ஆண்டின் கடைசி மாதங்களில் திறக்கும். ஐப்பசி மழையில் கரண்ட் போய் நெட் போய்க் கிடக்கும் காலம் அது, கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

காரைக்கால் மாவட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, ஜவாஹர் நவோதயா வித்யாலயா. விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். தமிழ்நாட்டில் அந்தப் பள்ளிகள் இல்லை, அந்த மாவட்டத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் அங்கே இடம். நாகூரைத் தாண்டினால் காரைக்கால்தானே என்று நம் பக்கத்துப் பிள்ளைக்கு விண்ணப்பம் போட முடியாது.

ஓய்வு பெற்ற பிறகு எந்தக் கதவு

ஹவில்தார், அதற்குச் சமமான பதவி, அதற்குக் கீழே இருந்து ஓய்வு பெற்றவர்களின் பிள்ளைகளுக்கு கேந்திரிய சைனிக் போர்டு கல்வி உதவி தருகிறது. நீண்ட நாளாக மாதம் 1,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 2,000 ரூபாய். ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை, அதிகபட்சம் இரண்டு பிள்ளைகளுக்கு. விடுதிப் பள்ளிக்கென்று தனியாக வருவதல்ல, எந்தப் பள்ளியில் படித்தாலும் இதே தொகை. ஆண்டுக்கு 24,000 ரூபாய் என்பது விடுதிச் செலவில் ஒரு மூலைதான், ஆனாலும் விட்டுவிட வேண்டாம். டிசம்பர் 7 கொடிநாளன்று பள்ளிப் பிள்ளைகள் உண்டியலில் போடும் காசு போய்ச் சேரும் நிதியிலிருந்துதான் இதுவும் வருகிறது.

போர்டின் இணையதளத்தில் பதிந்து, டிஸ்சார்ஜ் புத்தகம், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, பிள்ளை தேறிய வகுப்பின் மதிப்பெண் அட்டை, வங்கிப் புத்தகம், ஆதார் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். பிறகு மூலங்களோடு உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். அவர்கள் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் விண்ணப்பம் நகரும். போன கையோடு தமிழக அரசின் தொகுப்பு நிதியிலிருந்து வரும் கல்வி உதவித்தொகையைப் பற்றியும் கேளுங்கள், இரண்டையும் ஒரே பிள்ளைக்கு வாங்க முடியுமா என்பதையும் சேர்த்து. விண்ணப்பம் நகரவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

பிரதமரின் கல்வி உதவித்தொகை என்று ஒன்றைப் பலர் சொல்வார்கள். பெண் பிள்ளைக்கு மாதம் 3,000, ஆண் பிள்ளைக்கு 2,500 என்பது அது. தொழிற்படிப்புப் பட்டத்துக்கு மட்டும், பள்ளிக்கு இல்லை.

படைவீரர் இல்லாத வீட்டுக்கு

சேவையில் இருக்கும்போது இறந்திருந்தால், அவர் இருந்திருந்தால் எதுவரை வாங்கியிருப்பாரோ அதுவரை சி.இ.ஏ.யும் விடுதி மானியமும் தொடரும். மனைவி அரசு வேலையிலோ பொதுத்துறையிலோ இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கருணை அடிப்படையில் வேலைக்குச் சேருமுன் இந்தக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைதான் பெரிது என்பதில் சந்தேகமில்லை, ஆனால் மானியம் நிற்கும் என்பது முன்பே தெரிந்தால் பள்ளியில் பேசி வைக்கலாம்.

போரிலும் ராணுவ நடவடிக்கைகளிலும் உயிரிழந்தவர், காணாமல் போனவர், ஊனமுற்றவர் பிள்ளைகளுக்குத் தனிச் சலுகை இருக்கிறது. 1971 போரைத் தொடர்ந்து வந்தது இது. கல்விக் கட்டணமும், விடுதிப் பள்ளி என்றால் விடுதிக் கட்டணமும் திரும்பத் தரப்படும். 2017-இல் இதற்கு மாதம் 10,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள், எதிர்ப்பு வந்ததும் 2018 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். பழைய சுற்றறிக்கையைக் காட்டி யாராவது 10,000 என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இதற்கு அவர் பேட்டில் கேஷுவல்டி (போர் நடவடிக்கையில் பாதிக்கப்பட்டவர்) என்று பதிவான ஆவணம் வேண்டும், ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து அதன் சான்றிட்ட நகல்கள் சிலவற்றை ஒரே தடவையில் கேட்டு வாங்கிவிடுங்கள். பள்ளிக்கு ஒன்று, நல அலுவலகத்துக்கு ஒன்று, கோரிக்கையோடு ஒன்று என்று ஒவ்வொரு ஆண்டும் கேட்பார்கள். மூலத்தை மட்டும் யார் கேட்டாலும் விட்டுவிட்டு வராதீர்கள்.